முதலில் அத்தைக்கு ஒரு போன் கோல் எடு

அன்பு மகளுக்கு,

நம்ம ஆட்கள் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து இந்த இலங்கைத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். இன்டர்நெட்டில் தேடுவதை இப்போதைக்கு விடு. முதலில் பண்டாரவளை அத்தையிடம் பேசு. "எந்த ஊர்?" என்று நேராகக் கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்று முடித்துவிடும், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். குலதெய்வம் எது, கோயிலுக்கு யார் மூலமாகக் காசு அனுப்பினார்கள் என்று கேள். கோயில் தெரிந்தால் ஊரைப் பிடித்துவிடலாம். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து லய வரிசை வீடுகளில் இருக்கும் பழைய குடும்பங்களை விசாரி. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிமார் தங்கள் சொந்தக்காரரையும் அக்கம்பக்கத்து ஊர்க்காரரையும்தான் சேர்த்துக் கூட்டிவந்தார்கள்.

வருஷம் கேட்டால் அத்தைக்குக் கோபம்தான் வரும். "சிறிமா காலத்துப் பஞ்சத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டுப்பார், சிறிமாவோ பிரதமராக இருந்தபோது பஞ்சம் வந்த 1973, 74ஐ வைத்து நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் காகிதம். 1948இல் பிரஜாவுரிமை இல்லாமல் போய், அடுத்த வருஷச் சட்டத்தில் அதைக் கேட்டு மனுப் போட்டவர்கள் இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. அதனால் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு துண்டைக்கூட எறியமாட்டார்கள். அத்தையின் தகரப்பெட்டியில் அடியில் விரித்திருக்கும் பேப்பருக்குக் கீழேயும் பார்க்கச் சொல். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன பெரியப்பா வீட்டார் கூடலூரில் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் குடும்ப அட்டையும் பழைய பாஸ்போட்டும் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஊர்ப் பேரோடு தாலுகாவும் இருக்கிறதா என்று பார். வெறும் புதூர் என்று இருந்தால் தமிழ்நாட்டில் எத்தனை புதூரைத் தேடுவாய்?

பேர் மாறியிருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதே. பாட்டன் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ராமன், பிறப்புப் பத்திரத்தில் ராமசாமி. பேர் பதிந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருப்பார். தகப்பன் பேர், தோட்டம், தோட்டத்தில் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்ற மூன்றும் ஒத்துப்போனால் நம்ம ஆள்தான். வயதை மட்டும் நம்பாதே, வேலைக்குப் பேர் பதியவேண்டும் என்று வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் நிறையப் பேர். பிறப்புப் பத்திரப் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் நான் விண்ணப்பம் கொடுக்கிறேன், நீ உத்தேச வருஷத்தை மட்டும் அனுப்பு.

அத்தைக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல் எடு, காலையில் கோயிலுக்குப் போய்விடும். ரெக்கார்ட் பண்ணுவதென்றால் கேட்டுவிட்டுப் பண்ணு.

அப்பா