நீ ஒட்டிவைத்த கடைசிப் பக்கங்கள்

அண்ணா,

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். உன்னுடைய ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ புத்தகத்தை நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு முடித்தேன். உளவு, சதி என்று ஓடுகிற நாவலை நான் முழுசாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

பிரெஞ்சு அதிபர் டி கோலைச் சுடக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை. டி கோல் சாகமாட்டார் என்று தெரிந்துதான் திறந்தேன். 1962 ஆகஸ்டில் காரின் மேல் குண்டுமழை பொழிந்தும் தப்பித்த மனிதர். 1970இல் வீட்டில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உயிர் போனது. நாவல் வந்தது 1971இல். முடிவு ஊருக்கே தெரிந்த கதைக்கு எனக்கு ஏன் உள்ளங்கை வேர்த்தது?

“வேகம்டி” என்பாய். வேகம் இல்லை அண்ணா, நிதானம். செத்த குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட் எடுக்கக் கல்லறை கல்லறையாகத் தேடுகிறானே! காட்டுக்குள் ஒரு பழத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் குறியைத் திருத்துகிறானே! சரியாகப் படணும், படணும் என்று கொலைகாரனுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். பழம் சிதறியதும் பயந்துபோய்ப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கங்களில் செலோடேப் பழுப்பேறிக் கிடக்கிறது.

“பத்துப் பக்கம்தான், இரு” என்றாய், தலையைத் தூக்காமலே. நான் பிடுங்கினேன், நீ விடவில்லை. கிழித்தது தப்புதான், மன்னிச்சுக்கோ. ஆனால் நான் நின்ற கோலத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம். என்ன சொல்ல வந்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். அண்ணி படிப்பார்கள், அம்மாவுக்கும் யாராவது படித்துக் காட்டுவார்கள். மறுவாரம் உனக்கே தெரிந்துவிட்டது. அப்போதும் நீ வாய் திறக்கவில்லை. கிழிசலை வரிக்கு வரி பொருத்தி ஒட்டப் பொறுமை இருந்தது உனக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க இல்லை.

அந்தக் கிழிசல் எந்த இடத்தில் ஓடுகிறது தெரியுமா? பதக்கம் குத்திவிட்டு, வீரரின் கன்னத்தில் முத்தமிட டி கோல் குனிகிற இடத்தில். அந்த வழக்கம் இங்கிலீஷ்காரக் கொலைகாரனுக்குத் தோன்றவே இல்லை, குண்டு பின்னால் போய்விடுகிறது. அந்த வரியில் ஓர் எழுத்துகூட விலகாமல் ஒட்டியிருக்கிறாய் அண்ணா. விரலால் தடவிப் பார்த்தேன், மேடுகூடத் தட்டவில்லை.

அந்தப் பத்துப் பக்கத்தில் யார் வந்து நின்றிருந்தாலும் நேற்று நானும் நிமிர்ந்திருக்கமாட்டேன். இதை உன்னிடம் சொல்லணும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனாலும் நீ நிமிர்ந்திருக்கணும்.

— உன் தங்கை