படகில் உட்கார்ந்திருந்தவள் எழுதுவது

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளுக்கென்று தனியாக, சிலிண்டர் மாட்டிக் கடலில் முக்குளிக்கிற ஸ்கூபா வகுப்பு தொடங்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து, இத்தனை வருஷம் உன்னிடம் பேசாத ஒன்றைப் பேசிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அப்போது உனக்குப் பத்து வயசு. அன்றைக்குக் காலையில் உனக்கு மூக்கு அடைத்திருந்தது. எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் பணம் கட்டியாகிவிட்டது. நீயும் ஒரு மாசமாக அதே பேச்சாக இருந்தாய். சளி மாத்திரை ஒன்றைக் கொடுத்து முக்குளிக்கக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு படிவம் தந்தார்கள். ஆஸ்துமா உண்டா, சளி உண்டா, காதில் எப்போதாவது சீழ் வந்ததுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்கம்மா, நேரமாகுது" என்றார் அங்கே இருந்தவர். போட்டேன். கையெழுத்து என்னுடையது.

நீயும் அப்பாவும் இறங்கினீர்கள். தனக்கு மட்டும் கிடையாதா என்று தம்பி என் மடியில் அழுதான். நான் குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்துக் கொத்தாகப் பெரிதாக வந்தது அப்பாவுடையது. பக்கத்தில் பொடிப்பொடியாக, அவசர அவசரமாக வந்தது உன்னுடையது. ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்க அந்தப் படகில் ஆள் இல்லை.

ராத்திரி உன் தலையணையில் ரத்தம். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். "வலிச்சப்ப சொல்லலையாடி?" என்று கேட்டேன். "மாஸ்டர் சரியான்னு விரலை வளைச்சுக் காட்டினார், நானும் காட்டினேன். அப்பா சந்தோஷமா இருந்தாரும்மா" என்றாய்.

அந்தப் பதில் இன்னும் என் காதில் கேட்கிறது. வலியை விட அப்பாவின் சந்தோஷம் உனக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. வகுப்பில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்றால் பிள்ளைகள் எல்லாம் தலையாட்டுமே, தண்ணீருக்கு அடியில் அந்த 'சரி' வளையமும் அப்படித்தான். அதனால் உன் வகுப்பில் முதலில் 'சரியில்லை' என்ற சைகையைச் சொல்லிக்கொடு: கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவது, பிறகு எங்கே என்று தொட்டுக் காட்டுவது. நின்றால் தலை வெளியே இருக்கும் தண்ணீரில், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது "போதும், மேலே போகலாம்" என்று கட்டைவிரலைத் தூக்கட்டும். அந்தப் பிள்ளை தூக்கியதும் எல்லோரும் எழுந்துவிட வேண்டும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. தன் கை அசைந்தால் பெரியவர்கள் நிற்பார்கள் என்பதை அது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கரையில் பிள்ளைகள் கட்டைவிரலைத் தூக்குவது 'சூப்பர்' என்பதற்கு. அந்தப் பழக்கத்தையும் நீதான் மாற்ற வேண்டியிருக்கும்.

காது விஷயத்தை எனக்கு விளக்கியவளே நீதான். பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குறுகலாக, கிடைமட்டமாக இருக்கும் என்றாய். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே வலி தொடங்கிவிடும். மாத்திரையின் வேகம் கீழே இருக்கும்போதே தீர்ந்துவிட்டால் ஏறும்போதும் அடைக்கும் என்றாய். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சொல்கிறேன், மூக்கை உறிஞ்சுகிற பிள்ளையை அன்று இறக்காதே. பெற்றவர்கள் கெஞ்சினாலும் கோபித்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது இன்னொரு நாள் கொடு. சளி என்றால் பணம் போகாது என்பதைப் படிவத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் என் மாதிரி அம்மாக்கள் உண்மையை எழுதுவார்கள்.

வயசுக் கணக்கைக் காட்டி உன்னிடம் வாதாடுவார்கள். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிப்படி 8 வயசில் 2 மீட்டர் ஆழத்துக்குள் குமிழி விட்டுப் பழகலாம், 10 வயசில் ஜூனியர் சான்றிதழ் எடுத்து 12 மீட்டர் வரை போகலாம். அது மேல் வரம்பு, அவ்வளவுதான். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோ தன் மகன் ஜான் மிஷேலை 7 வயசிலேயே சிலிண்டர் மாட்டி இறக்கினார் என்றும் யாராவது சொல்வார்கள். அது 1945. சிலிண்டரோடு முக்குளிப்பதே அப்போது புதுசு. நீ பார்க்க வேண்டியது, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை. பயந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிற பிள்ளை இன்னும் குளத்திலேயே இருக்கட்டும். 10 மீட்டரில் இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், அதை அடக்க நுரையீரலால் ஆகாது. அழுது கற்றுக்கொள்ளட்டும் என்று மட்டும் எந்தப் பிள்ளையையும் விடாதே.

அப்பாவோ அம்மாவோ கூட இறங்கினாலும் உன் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் பத்து வயசுப் பிள்ளையால் அவரைத் தூக்கிவர முடியாது. அந்தப் பாரத்தை அதன் தலையில் வைக்கக் கூடாது. குளிர் தாங்குகிற வெட்சூட் உடையைப் பிள்ளை அளவுக்கே வாங்கு. காற்றை விட 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுக்கும், சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். படகில் முதலுதவி ஆக்சிஜன் எங்கே இருக்கிறது என்று ஏறியதுமே காட்டிவிடு. பல தடவை முக்குளித்தவர்கள் கடைசியாக மேலே வந்ததிலிருந்து குறைந்தது 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல். ராத்திரி டிக்கெட் எடுத்துவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு.

படகில் உட்கார்ந்திருப்பவர்களையும் மறந்துவிடாதே. நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், குமிழியைக் காட்டிப் பேச ஒருவர் வேண்டும். "அதோ அது உங்க பொண்ணு, மூச்சு சீரா வருது" என்று யாராவது சொல்லியிருந்தால், அல்லது சீராக இல்லையே என்று பார்த்திருந்தால்! தம்பி வயசுப் பிள்ளைகளுக்கு மாஸ்க்கும் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாயும் கொடுத்து, கையைப் பிடித்தபடி மேலேயே மிதக்கவிட்டு மீன் காட்டு. அன்றைக்கு அவன் அழுதது கடலுக்குப் போக முடியவில்லை என்றுதான்.

முதல் வகுப்பு என்றைக்கு என்று எழுது. நான் வந்து படகில் உட்காருகிறேன், குமிழி பார்க்க. அதற்கு முன்னால் அந்த வலது காதை ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடு. போன மாசம் போனில் பேசும்போது இரண்டு முறை இடது காதுக்கு மாற்றினாய், கவனித்தேன்.

உன்
அம்மா