கவலையை வெல்லச் சொன்ன கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை கலையரங்கில் நடந்த 'கவலையை வெல்லுங்கள்' கருத்தரங்குக்கு மூன்றாமாண்டு மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தோம். வராவிட்டால் ஆப்சென்ட் என்று சொல்லியிருந்தீர்களே. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

என் வகுப்புத் தோழன் திங்கட்கிழமை காலையே விண்ணப்பத்தை எழுதிவிட்டான். துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும்; அவர் வெளியூரில். பொறுப்பில் இருந்தவர், "நான் போட்டால் செல்லாதுப்பா, ஆபீஸில் கேள்" என்றார். ஆபீஸில், "தேர்வுப் பிரிவில் கேட்டு வா." தேர்வுப் பிரிவில், "துறைத்தலைவர் கையெழுத்து எங்கே?" வியாழக்கிழமைதான் அவர் ஊர் திரும்பினார். கலையரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்கரை மணிக்குக் கவலையை வென்று முடித்ததும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான். கவுன்டர் நான்கு மணிக்கே மூடியாயிற்று. தோற்ற அந்தப் பாடம் இனி அரியர்தான். அரியரோடு பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு விடுதி வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறானாம்.

பிரச்சினையைத் தீர்க்கும் திறன் எங்களுக்குப் போதாது என்றார் பேச வந்தவர். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் தானே அலைந்து, தானே வாங்கியவன் ஐயா அவன். பிரிட்டிஷ் உளவியலாளர் கிரகாம் டேவி 1994இல் வெளியிட்ட ஆய்வில், கவலை திறன் குறைவோடு சேர்ந்து வரவில்லை. தன்னால் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை குறைவோடுதான் சேர்ந்து வந்தது. திங்கள் முதல் வியாழன்வரை அவனுக்கு இங்கே குறைந்தது எது என்று நீங்களே பாருங்கள்.

கேட்பது ஒன்றுதான். துறைத்தலைவர் இல்லாத நாளில் யார் கையெழுத்துச் செல்லும் என்று எழுதி ஒட்டுங்கள்.

ஒரு கல்வி நிறுவனத்தில் நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. நம் கல்லூரியிலும் 'ஆலோசகர் அறை' என்று பலகை இருக்கிறது. உள்ளே பழைய வினாத்தாள் கட்டுகள். அவற்றிடம் மனம்விட்டுப் பேசலாம்தான், குறுக்கே பேசாது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். யார் கையெழுத்துச் செல்லும் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதி ஒட்டுங்கள். அவனுடைய விண்ணப்பத்தை இப்போதாவது ஏற்கும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் நன்றியோடு இருப்போம். உங்கள் கையெழுத்தாவது செல்லும் என்ற நம்பிக்கையில்,

மூன்றாமாண்டு மாணவி