பதிவு செய்தவர் பெயரையும் போடுங்கள்: பாட்டு ஆப் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாதாமாதம் சந்தா கட்டி உங்கள் ஆப்களில் பாட்டுக் கேட்கிறவர்களில் நானும் ஒருவன். நான் அதிகம் கேட்பது பங்க் ராக்கும், அதை ஒட்டி வளர்ந்த பரிசோதனை இசையும்தான். ஹாம்பர்க், மான்செஸ்டர், லண்டன், வாஷிங்டன், சிகாகோ என்று அந்த இசை உருவான ஊர்களின் பதிவுகள் இன்று என் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால்தான் உண்டு. அதற்கு முதலில் நன்றி.

குறை என்னவென்றால், ஒரு பாட்டின் விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று கட்டங்கள்தான் கண்ணில் படுகின்றன: பாடியவர் அல்லது வாசித்தவர், எழுதியவர், புரொட்யூசர் (சினிமாவில்போலப் பணம் போடுபவர் இல்லை, ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று வழிநடத்துபவர்). அந்த ஒலியை மைக் வைத்துப் பிடித்த ரெக்கார்டிங் இன்ஜினியரின் பெயர் பழைய பங்க் ஆல்பங்கள் பலவற்றில் இல்லை. வந்தாலும் புரொட்யூசர் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் சினிமா டைட்டிலில்கூட ஒலிப்பதிவு என்று ஒரு பெயர் தவறாமல் வரும். உங்கள் திரையில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா இசைக்கும் இன்ஜினியர் வேண்டும்தான். ஆனால் ஒரு சிம்பொனிக்கு எழுதி வைத்த தாள் இருக்கிறது. யார் பதிவு செய்தாலும் அது அதே சிம்பொனிதான். பங்க் இசைக்குத் தாள் கிடையாது. கிட்டாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு), ஒரு கத்தல், இரண்டு நிமிடம். அதைத் தாளில் எழுதினால் நூறு குழுக்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிரம்ஸ் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது, குரல் கிட்டாருக்கு மேலே நிற்கிறதா அதற்குள் மூழ்கிக் கிடக்கிறதா, அறையின் சுவர் கேட்கிறதா இல்லையா என்பதில்தான் ஒரு குழு இன்னொன்றிலிருந்து பிரிகிறது. பரிசோதனை இசையில் இது இன்னும் அதிகம். அங்கே பல நேரம் டேப்பில் விழுந்ததுதான் படைப்பே. அதற்கு முன்னால் வேறொன்றும் இருந்ததில்லை.

ஒரு பதிவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1993 பிப்ரவரியில் அமெரிக்க ராக் குழுவான நிர்வானா 'இன் யுடெரோ' ஆல்பத்துக்காக மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே பேக்கிடெர்ம் என்று ஒரு ஸ்டூடியோ. பதிவு செய்தவர் சிகாகோக்காரர் ஸ்டீவ் அல்பினி. வேலை மொத்தமும் இரண்டு வாரத்தில் முடிந்தது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்த மைக்குகளோடு அவர் நிற்கவில்லை. அறையில் தள்ளித் தள்ளியும் மைக் வைத்தார். அவருடைய பழக்கம் அது. தூரத்து மைக்கில் வரும் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்திச் சேர்ப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் அறை உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கும். இதெல்லாம் போதாது என்று, இரண்டு பாட்டுக்கு மட்டும் டேவ் க்ரோலின் டிரம்ஸைப் பக்கத்துச் சமையலறைக்கு மாற்றிப் பதிவு செய்தார்கள். காரணம், அந்த அறையின் இயல்பான எதிரொலி. மெத்தை ஒட்டிய ஸ்டூடியோச் சுவர் ஒலியை விழுங்கும். சமையலறையின் வெற்றுச் சுவர் அதை உடனே திருப்பி அடிக்கும். 'வெரி ஏப்', 'டுரெட்ஸ்' இரண்டையும் ஹெட்ஃபோனில் போட்டு டிரம்ஸை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பும் அல்பினி இதே மாதிரி ஒன்று செய்திருக்கிறார். பாஸ்டனில் பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா'வைப் பதிவு செய்தபோது, 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டின் குரலுக்காகக் கருவிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோனார். இயந்திரத்தில் வரும் எதிரொலி அவருக்கு வேண்டாம், உண்மையான அறையின் எதிரொலி வேண்டும். 1988ல் வந்த அந்த ஆல்பத்தின் ஒலிதான் பின்னால் நிர்வானாவை அவரிடம் வரவைத்தது. அப்படியானால் அந்தக் குளியலறை முடிவை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? பாடியவர் கட்டத்திலா, எழுதியவர் கட்டத்திலா?

உங்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரலாம். அல்பினியே பெயருக்கு ஆசைப்பட்டவர் இல்லையே என்பீர்கள். உண்மைதான். பதிவுக்கு முன்னால் நிர்வானாவுக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். ஒரு பிளம்பருக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கூலி கொடுங்கள், வேலையைச் செய்கிறேன், அதற்கு உரியதை வாங்கிக்கொள்கிறேன், ராயல்டி வேண்டாம் என்று அதில் சொல்லியிருந்தார். பாட்டை எழுதுவதும் வாசிப்பதும் குழு, காசு கொடுத்து வாங்குவது ரசிகர்கள், நடுவில் நிற்கும் இன்ஜினியர் காலமெல்லாம் பங்கு வாங்குவது நியாயமில்லை என்பது அவர் கட்சி. சொன்னபடியே ஒரு லட்சம் டாலரை ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். அந்த ஆல்பம் விற்ற விற்பனைக்கு ராயல்டி இதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும்.

ஆனால் அவர் மறுத்தது எதை என்று பாருங்கள். புரொட்யூசர் என்ற பட்டத்தை. அது குழுவின் வேலையைத் தன் வேலை என்று காட்டுகிறது என்று நினைத்தார். தன்னைப் பற்றி ஏதாவது போடத்தான் வேண்டும் என்றால் 'பதிவு செய்தவர்' என்று போடுங்கள், போதும் என்பார். இப்போது உங்கள் திரையில் என்ன நடக்கிறது? பதிவு செய்தவர் என்ற கட்டமே இல்லாத இடத்தில் அவர் பெயர் புரொட்யூசர் என்று வருகிறது. ஆயுள் முழுக்க வேண்டாம் என்று சொன்ன பட்டத்தை, 2024 மே 7 அன்று தம் 61வது வயதில் இறந்துபோன மனிதருக்கு நீங்கள் சூட்டுகிறீர்கள். இதில் அவருடைய பணிவை மதிப்பது எங்கே இருக்கிறது? தகவல் தப்பு என்பதுதான் இருக்கிறது.

புரொட்யூசர் வேறு, இன்ஜினியர் வேறு என்பதற்கு மான்செஸ்டர் பக்கம் போனால் நல்ல சாட்சி கிடைக்கும். ஜாய் டிவிஷன் குழு 1979ல் ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. புரொட்யூசர் மார்ட்டின் ஹானெட். மேடையில் அந்தக் குழு முரட்டுத்தனமாக வாசிக்கும். ஹானெட் அந்த முரட்டுத்தனத்தை எடுத்துவிட்டு, ஆளில்லாத கட்டடத்துக்குள் கேட்பது போன்ற ஒரு வெறுமையைக் கொண்டுவந்தார். டிஜிட்டல் டிலே (ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி), கண்ணாடிப் பாட்டில் உடையும் சத்தம், ஸ்டூடியோ லிஃப்டுக்குள் சுழலவிட்ட லெஸ்லி ஸ்பீக்கர், தொலைபேசிக் கம்பி வழியாக வாங்கிய குரல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. குழுவில் சிலருக்கு அப்போது இது பிடிக்கவே இல்லை. இப்படிக் கேட்டால் நன்றாயிருக்கும் என்று கனவு கண்டவர் ஹானெட். அதை டேப்பில் ஏற்றும் வேலையில் கூட இருந்த இன்ஜினியர் கிறிஸ் நேகிள். ஹானெட் பெயர் உலகத்துக்கே தெரியும். நேகிள் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஆல்பத்தின் உறையை எடுத்துப் படிக்க வேண்டும். உறையே இல்லாத கடை உங்களுடையது. அதனால்தான் பொறுப்பு உங்களிடம் வருகிறது.

கலிபோர்னியாவில் ஸ்பாட் என்று ஓர் இன்ஜினியர். இயற்பெயர் கிளென் லாக்கெட். எஸ்.எஸ்.டி. ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஆரம்பகாலப் பதிவுகளில் பெரும்பாலானவை அவர் கை பட்டவை: பிளாக் ஃபிளாக், மினிட்மென், மீட் பப்பெட்ஸ், ஹுஸ்கர் டு. 1984ல் வந்த ஹுஸ்கர் டுவின் 'ஜென் ஆர்கேட்' இரட்டை ஆல்பத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பாட்டும் முதல் தடவை வாசித்ததையே வைத்துக்கொண்டது. முதல் தடவையே போதும் என்று ஒரு குழு துணிய வேண்டுமானால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாவற்றையும் முதல் தடவையே சரியாகப் பிடித்திருக்க வேண்டும். அங்கே ஒரு மைக் பிசகியிருந்தால் அந்த ஆல்பமே இல்லை.

வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் டான் ஸியென்டாரா தம் வீட்டு அடித்தளத்தில் இன்னர் இயர் ஸ்டூடியோவைத் தொடங்கினார். மைனர் த்ரெட் போன்ற பதின்வயதுப் பிள்ளைகளின் குழுக்கள் அங்கேதான் பதிவு செய்தன. பெரிய ஸ்டூடியோவில் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். பின்னால் ஃபுகாஸியும் அவரிடம்தான் வந்தது. தனிக் கட்டடத்துக்கு மாறிப் பல ஆண்டுகள் ஓடிய அந்த ஸ்டூடியோ 2021ல் மூடப்பட்டது. லண்டனில் ஜான் லோடர் வீட்டு கராஜில் நடத்திய சதர்ன் ஸ்டூடியோஸ் இல்லாமல் கிராஸ் என்ற பங்க் குழுவின் பதிவுகளை நினைத்துப் பார்க்க முடியாது. அவரைக் குழுவில் ஒருவராகவே எண்ணியவர்கள் உண்டு. கம்பெனி ஆதரவு எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வீடுகள்தான் கதவைத் திறந்துவிட்டன. ஒலித்தரத்தைத் தாண்டி, அந்த இசை வெளியே வந்ததே இவர்களால்தான். இதுவும் பதிவில் இருக்க வேண்டிய தகவல் இல்லையா?

பரிசோதனைப் பக்கம் வந்தால் ஜெர்மன் இன்ஜினியர் கோனி பிளாங்க்கைச் சொல்லாமல் போக முடியாது. 1971 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டூடியோ ஒன்றில் நான்கே இரவுகளில் 'நோய்!' (Neu!) என்ற ஜெர்மன் குழுவின் முதல் ஆல்பம் அவர் கையில் பதிவானது. மிக்கேல் ரோத்தர், கிளவ்ஸ் டிங்கர் என்று குழுவில் இரண்டே பேர். முதல் பாட்டு பத்து நிமிடம் ஒரே தாளத்தில் ஓடும். மேலே கிட்டார்கள் வரும், போகும். சில தலைகீழாக ஓடும். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத காலம் அது. எந்தக் கிட்டார் டேப்பில் எங்கே இருக்கிறது என்பதை மனிதர்தான் மனத்தில் வைத்துக்கொண்டு, ஓட ஓடக் கையால் ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் கை வாசித்த கைகளுக்கு எந்த விதத்தில் குறைந்தது? 1974ல் கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' ஆல்பத்துக்கும் பிளாங்க்தான் இன்ஜினியர். 1987ல், 47 வயதில் இறந்துவிட்டார்.

கட்டம் இல்லாததால் பெயர் காணாமல் போவது உங்கள் காலத்தில் ஆரம்பித்ததில்லை. 1963ல் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலித் துறையில் டீலியா டெர்பிஷைர், ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை வைத்து 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையை உருவாக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பதிவு செய்து, டேப்பை அளந்து வெட்டி ஒட்டிச் செய்த வேலை. முடிந்ததைக் கேட்ட கிரெய்னர் தமக்கு வரும் ராயல்டியில் பாதியை டெர்பிஷைருக்குக் கொடுக்க விரும்பினார். பிபிசி விதிகள் இடம் கொடுக்கவில்லை. துறையின் பெயர்தான் திரையில் வந்தது. டெர்பிஷைர் 2001ல் இறந்தார். தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில்தான், 2013ல், அவர் பெயர் போட்டார்கள். மெட்டைப் போட்டவரே இது பாதி அவருடையது என்று சொன்ன பிறகும் ஒரு நிறுவனத்தின் படிவம் அதைக் காலமெல்லாம் தடுத்து வைத்திருந்தது. உங்கள் படிவமும் அதையே செய்ய வேண்டாம்.

தகவலை ரெக்கார்ட் கம்பெனிகள்தான் அனுப்ப வேண்டும், வருவதைத்தான் காட்டுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே ஓடும் டிடெக்ஸ் (DDEX) தரவு முறையில் பதிவு, மிக்ஸிங் (பதிவான ஒலிகளைக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் கடைசிச் சீரமைப்பு) இன்ஜினியர்களுக்குத் தனித்தனிப் பெயரிடம் ஏற்கெனவே உண்டு. கேட்டு வாங்குவதும் வந்ததைத் திரையில் காட்டுவதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பழைய ஆல்பங்களுக்கும் வழி இருக்கிறது. டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தளங்களில் ஆர்வலர்கள் உறைகளைப் பார்த்து இந்தப் பெயர்களைச் சம்பளம் இல்லாமல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ள உங்களிடம் ஆள் பலமும் பண பலமும் இருக்கின்றன.

நான் கேட்பது இதுதான். பதிவு செய்தவர், மிக்ஸ் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் மூவருக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். ஸ்டூடியோவின் பெயரையும் பதிவான ஆண்டையும் போடுங்கள். மறுபதிப்பு வந்த ஆண்டை மட்டும் காட்டினால் 1981ல் பதிவானது நேற்று வந்தது போலத் தோன்றுகிறது. அப்புறம், பெயரைத் தொட்டால் அவர் பதிவு செய்த மற்ற ஆல்பங்கள் வர வேண்டும். இந்த இசையைக் கேட்கிறவர்கள் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போனது இப்படித்தான். ஸ்பாட் பெயரை உறையில் பார்த்து அடுத்த ஆல்பத்தை வாங்கினார்கள். உங்கள் பரிந்துரைக் கணக்கு இதைச் செய்யாது. யார் எந்த அறையில் பிடித்த ஒலி என்பது அதற்குத் தெரியாது.

புரொட்யூசர் என்று தவறாகக் குறித்திருப்பதைத் திருத்தும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சில ஆல்பங்களில் ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிட்டால் அது இன்னொரு தப்பு. உறையில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். உறையிலேயே பெயர் இல்லாத பதிவுகள் பங்க் இசையில் ஏராளம். அவற்றுக்குக் குழுவில் இருந்தவர்களையும் பதிவு செய்தவர்களையும் நேரில் கேட்டால்தான் உண்டு. ஸ்பாட் 2023ல் போய்விட்டார். லோடர், ஹானெட், பிளாங்க், அல்பினி யாரும் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் வீட்டு அடித்தளத்திலும் கராஜிலும் டேப் ஓட்டியவர்களில் இன்னும் இருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். ஏற்கெனவே உறையில் அச்சாகியிருக்கும் பெயர்களை ஏற்ற அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்