ஓவிய மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் தேவையான ஆள், இல்லை. பொங்கலுக்கு மாணவர் ஓவியப் போட்டி நடந்தது. நொய்யல் கரைக்கு ஒருநாள் வரையப் போனோம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அப்புறம், அச்சு மிசின். பொதுக்குழுவைக் கேட்காமல் மன்றப் பணத்தில் நான் அதைச் செய்ததாக ஆளாளுக்குப் பேசுவதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலட்டை அளவில் நம் காங்கயம் பக்கத்து நிலக்காட்சிகளை அச்சோவியமாக எடுப்பது என்று சித்திரைக் கூட்டத்தில் முடிவானது. நாலு பேர்தான் இருந்தோம், ஆனாலும் முடிவு முடிவுதான். திருப்பூரில் பிரிண்டிங் என்றால் பனியனில் அடிக்கிற ஸ்கிரீன்தான், அதனால் "இதுக்கெதுக்குங்க தனி மிசின்?" என்று கேட்டார்கள். நாம் எடுத்தது கொலாகிராஃப். அட்டையில் கண்டதையும் ஒட்டி மேடுபள்ளம் உண்டாக்கி, அதிலிருந்து அச்செடுப்பது. கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நில) தரைக்கு உப்புத்தாள், கிளுவை வேலிக்குப் பிரித்த சணல், மழைமேகத்துக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட். வார்னிஷை ஓரத்துக்கும் சேர்த்து இரண்டு கோட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மை அட்டைக்குள் இறங்கும், தாள் ஒட்டிக்கொண்டு கிழியும். முதல் ஆறு அட்டைகள் அப்படித்தான் போயின. ஒரு உறுப்பினர் தத்ரூபமாக இருக்கட்டும் என்று நிஜ வெள்வேல முள்ளையே ஒட்டிவிட்டார். அழுத்தும்போது தாளுக்கு மேல் போடுகிற புதுக் கம்பளியில் இரண்டு ஓட்டை.

மையைத் தடவி, பள்ளத்தில் மட்டும் நிற்கும்படி துடைத்து, நனைத்து ஒற்றிய தாளை மேலே வைத்து அழுத்த வேண்டும். கரண்டியால் தேய்த்துப் பார்த்தோம், பள்ளத்து மை ஏறவில்லை. கரும்பு ஜூஸ் மிசினில் விட்டுப் பார்க்கலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு மேல்தான் கோவையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, இரண்டு உருளை வைத்து மிசின் செய்தேன். பொதுக்குழுவைக் கேட்கவில்லை என்கிறார்கள். கேட்பதற்குப் பொதுக்குழு வந்தால்தானே?

அச்சில் இடம் வலம் மாறிவிழும். எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த நானே மறந்துவிட்டேன். கிழக்கே காவிரிக்குப் போகிற நொய்யல், என் படத்தில் வெள்ளியங்கிரிக்கே திரும்பிப் போனது. பன்னிரண்டு பிரதி எடுத்த பிறகுதான் கவனித்தேன். அட்டை நசுங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் எடுக்கவும் இல்லை. படத்தின் கீழே பென்சிலில் 8/12 என்று போடுவது எத்தனையாவது பிரதி என்பதற்காக. பன்னிரண்டுக்கு எட்டு மார்க் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னவருக்கு நன்றி.

மை காய்ந்தபின் மேலே வண்ணம் சேர்த்தோம். சலித்த செம்மண்ணைப் பசையில் குழைத்துப் பூசியது பிரமாதமாக நின்றது. மஞ்சள்தூள் பூசியவர்களின் படம் வெயில் படும் சுவரில் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது. ஈரோட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அது மஞ்சளின் குணம்.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. பெரிய பிசகு ஒன்றும் இல்லை. வைப்புத்தொகை குறைந்திருப்பது மிசினால். மிசின் கண்ணெதிரே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது சந்தாதான். நாற்பத்துமூன்று உறுப்பினர்களில் கட்டியவர்கள் பதினாறு பேர். மூன்று ஆண்டாகக் கட்டாத ஒருவர், "ஊருக்குப் போறேனுங்க, சும்மா பார்க்கக் குடுங்க" என்று வாங்கிப்போன 3/12, இன்று அவர் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பெயர் சொல்லவில்லை. அவர் இன்றும் வரவில்லை.

மண்டபம் தந்தவருக்கும், பட்டறைக்காரருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காற்றாலைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு படம் கொண்ட ஒரு தொகுப்பு எடுக்க ஆசை. மிசின் இப்போது என் வீட்டு கார் ஷெட்டில் நிற்கிறது, கார் மழையில் நிற்கிறது. வீட்டில் பேச்சு வாங்குவது நான். தரைத்தளத்தில் பத்துக்குப் பத்து அறை யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானாலும் சந்தோஷமே; மிசினைத் தூக்க நாலு ஆளோடு வந்தால் போதும்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். டீ அதற்குப் பிறகு.

செயலாளர்