நாலு பேர் நிற்கும் படம்

விழுப்புரம்
27.3.2025

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டிவலி போன மாதம் இருந்த அளவுக்கு இல்லை. டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய கூடத்துச் சுவர் இன்னும் காய்ந்தபாடில்லை, தொட்டால் சுண்ணாம்பு உதிர்கிறது. சித்திரை கழியட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பி பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறான். அவன் எப்போது நன்றாக எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறான்?

என்ன இது, இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் ‘சரிப்பா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய். எனக்கு அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்டி எழுத விரல் வளையாது. தம்பியிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவன் படித்துவிடுவான். அதனால்தான் தபால். வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆனாலும் ஆகட்டும்.

முதலில் ஒன்று. பாஸ்போர்ட்டையும் அந்த விசா அட்டையையும் உடம்போடு வைத்துக்கொள். பையில் வைக்காதே. ஜெர்மனியிலிருந்து ஊர் சுற்றப் போகும்போது எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நாடு மாறிவிட்டோம் என்று சொன்னாய். கேட்க ஆச்சரியமாக இருந்தது. இங்கே விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற நேரத்தில் நீ ஒரு நாட்டையே தாண்டிவிடுகிறாய். ஆனால் ஜெர்மனிக்குள் திரும்பி வரும்போது போலீஸ்காரர்கள் ரயிலில் ஏறிச் சோதிக்கிறார்களாமே? போன செப்டம்பரிலிருந்து எல்லா எல்லையிலும் அப்படித்தானாம். அதனால் சொல்கிறேன்.

ஸ்டேஷன் பக்கத்து வேப்பமரத்தடியில் நாங்கள் பழைய ஆட்கள் சாயங்காலம் உட்கார்வோம், தெரியுமே. ஆறு நாளில் நாலு நாடு என்று உன் பயணத்தைச் சொன்னேன். டிடிஇ மாமா நம்பவில்லை. செக், ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று விரல் மடக்கினேன். வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் ஒரு மணி நேரம்தான் வண்டி, இரண்டும் தலைநகரம் என்றதும் அவர், ‘நம்ம விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் போற மாதிரி’ என்றார். அந்த வாய்க்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முப்பத்து நாலு வருஷம் ரயில் கார்டாக வண்டியோடேயே போய்வந்தவன் நான். காட்பாடி, மாயவரம், திருச்சி, மறுபடி காட்பாடி. வருஷத்துக்கு மூன்று செட் இலவசப் பயணப் பாஸ் கொடுத்தார்கள், பாதி வருஷம் எடுக்காமலே போயிற்று.

பிராகில் அந்தக் கடிகாரத்தின் வீடியோ அனுப்பினாயே, பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். 1410-இல் வைத்தது இன்னும் ஓடுகிறது! மணிக்கு மணி ஏசுவின் சீடர்கள் ஜன்னலில் வந்து போகிறார்கள், பக்கத்தில் எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணி அடிக்கிறது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘எமன்கூட டயத்துக்கு டியூட்டி பார்க்கிறான்’ என்றாள். அப்புறம் அந்தப் பாலத்துப் படம். 1357-இல் கட்ட ஆரம்பித்ததாம். பாலத்தைவிட உங்களைத்தான் பார்த்தோம். ஐந்து பேர். நீ நடுவில், அந்த நாக்பூர்ப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு.

கார்டு வேலை பார்த்தவனுக்கு எண்ணுவது ஒரு வியாதி. வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியில் எல்.வி. போர்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்தது, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று கணக்கு. நான் ரிட்டையர் ஆன வருஷம் கார்டு என்கிற பேரையே டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். பேர் மாறினால் புத்தி மாறுமா? வியன்னாவில் அந்தப் பெரிய ராட்டினத்துக்குக் கீழே ஐந்து பேர். பிராட்டிஸ்லாவாவில் சாக்கடை மூடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சிலையின் பக்கத்தில் ஐந்து பேர். அதில் நீ ஓரத்தில் நிற்கிறாய். தோளில் மூன்று பை. ஒன்று உன்னுடையது, மற்ற இரண்டும் யாருடையவை? நீ எப்போதும் இப்படித்தான், ஐந்தாவது படிக்கும்போதே அடுத்த பிள்ளையின் சாப்பாட்டுக் கூடையையும் சேர்த்துத் தூக்கி வருவாய். உன் அம்மா மாதிரி.

புடாபெஸ்டில் நாலு பேர். அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்ததைத் தம்பி காட்டினான். ஆற்றங்கரையில் நாடாளுமன்றம் தெரிகிற மாதிரி ஒன்று, அந்தச் சங்கிலிப் பாலத்தில் ஒன்று.

படம் எடுத்தது நீயாகத்தான் இருக்கும். நன்றாகவே எடுத்திருக்கிறாய்.

சாப்பாடு எப்படி? புடாபெஸ்டில் வேறு பணம், ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 400 ஃபோரின்ட் என்று தம்பி சொன்னான். ஆயிரம் ஆயிரமாகத் தாளைக் கையில் பார்த்தால் நிறைய இருக்கிற மாதிரி தோன்றி மளமளவென்று செலவாகிவிடும். மாசம் 992 யூரோதான் விசாவுக்காக முடக்கி வைத்திருக்கிற அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரும் என்பதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்கமாட்டாய். ஆனால் பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டு ஏதாவது ஒன்றுக்குப் போகாமல் நின்றிருந்தால் அது தப்பு. போன பிறகு பாதி பார்த்துப் பாதி விடக்கூடாது. பணம் இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கடலூர் அத்தைக்குத் தரவேண்டியதைக்கூட அடுத்த மாசம் தந்துகொள்ளலாம், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்வாள். சொன்னாலும் பரவாயில்லை.

வெந்நீர்க் குளத்துப் படமும் பார்த்தேன். மஞ்சள் கட்டிடம், ஆவி பறக்கிறது, நாலு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் இருக்கிறார்கள். அதில் நீ இல்லாதது எனக்குப் புரிகிறது. உனக்கு அது பிடிக்காது. அதை நான் கேட்கவில்லை.

ஆனால் அந்த மெட்ரோப் படம். சின்ன மஞ்சள் பெட்டி, 1896-இல் ஓட ஆரம்பித்ததாம், எனக்கு இதையெல்லாம் தேடிப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள்ளே நாலு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பையனின் கை முன்னால் நீண்டிருக்கிறது. செல்ஃபி. செல்ஃபியில் எடுக்கிறவனும் உள்ளேதானே இருப்பான்.

அதே நாள் நீ உன் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு படம் வைத்திருந்தாய். ஆற்றங்கரை விளிம்பில் இரும்புச் செருப்புகள். எழுத்து ஒன்றும் இல்லை. என்ன இது என்று தேடினேன். 1944, 45-இல் யூதர்களை அந்தக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளியிருக்கிறார்கள். அதன் ஞாபகமாக 2005-இல் 60 ஜோடி இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் செருப்பும் தெரிகிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அந்தச் செருப்புகள் மட்டும் காரணமில்லை. படத்தின் கீழே தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. கொண்டை போட்டிருக்கும் நிழல். பக்கத்தில் வேறு நிழல் இல்லை.

நீ தனியாக நடக்கிற பெண்தான், தெரியும். பாஷை தெரியாத ஊரில் தைரியமாக நடந்து போய் நாலும் பார்க்கிறவள்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போக பயந்த பிள்ளை இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தனியாகப் போனால் பாஸ்போர்ட்டைப் பையில் வைக்காதே.

21-ஆம் தேதி ராத்திரி ‘வந்துட்டேன்பா’ என்று ஒரு வரி. ஆறு நாள் ஆகிறது. போனவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் திரும்பினீர்களா? புடாபெஸ்டிலிருந்து நீ இருக்கிற டிரெஸ்டனுக்கு ரயிலில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமல் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மாவிடம் அந்த மெட்ரோப் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘அவளை ஒன்னும் கேக்காதீங்க’ என்றாள். ‘படம் அவ எடுத்திருப்பா’ என்றேன். ‘ஆமா, நான் காசியில எடுத்த மாதிரி’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருபத்தொரு வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

காசிப் படம் உனக்குத் தெரியும். படகில் ஆயா, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, நான், என் மடியில் நீ. உனக்கு மூன்று வயசு. நாலாவது படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு அம்மா எங்கே என்று கேட்டாய். அம்மாதான் படம் எடுத்தாள் என்று சொன்னேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் நீயே அதைச் சொல்லிவிடுவாய். உன் அம்மா வாழ்நாளில் கேமராவைத் தொட்டதில்லை. படித்துறையில் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் எடுத்த படம் அது. ஒரு பிரதி முப்பது ரூபாய்.

தாத்தாவின் அஸ்தி கரைக்கப் போயிருந்தோம். அதற்கு முதல் நாள் அவள் கடைத்தெருவில் ஒரு புடவை எடுத்தாள், 650 ரூபாய். ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு. சத்திரத்தில் அதைப் பிரித்துக் காட்டியபோது பெரியப்பா சிரித்துக்கொண்டே, ‘இது யார் கணக்குலப்பா?’ என்றார். செலவை மூன்று பேரும் பங்கு போட்டிருந்தோம். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அண்ணனிடம் பதில் சொல்லத் தெரியாமல் அவள் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், ‘உங்க அப்பன் வீட்டுப் பணமா?’ என்று கேட்டேன். அவளுடைய பணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அவள் புடவையை மடித்து உறையில் போட்டாள். மறுநாள் படகுக்குக் கிளம்பும்போது வரவில்லை. ஆயா, ‘வராட்டிப் போவட்டும்’ என்றார். அவள் இருந்த அறை மாடியில். இருபது படி இருக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே நின்றேன். ஏறிப் போய் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஊருக்கே பச்சைக்கொடி காட்டுகிறவன், வண்டியில் யார் ஏறவில்லை என்று தெரிந்தே கிளம்பிப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது உன் துணியையெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கங்கா காவேரியில் இரண்டு ராத்திரி மேல் பெர்த்தில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தபடி வந்தாள். இட்டார்சியில் டீ வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புடவை பச்சைப் பெட்டியின் அடியில் அப்படியே இருக்கிறது. உன் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டுவாளோ என்னவோ. இதைச் சொன்னதற்காக இப்போதே நிச்சயதார்த்தம் என்று ஆரம்பிக்காதீர்கள் என்று கோபித்துக்கொள்ளாதே.

அந்த நாலு பேரில் யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், எதுவும் நீ எனக்குச் சொல்லவேண்டாம். நீயே ஏதாவது சொல்லியிருக்கலாம், உனக்கு என் வாய். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். காலையில் அவர்கள் கிளம்பும்போது யாராவது ஒருத்தர் உன் கதவைத் தட்டினார்களா?

அடுத்த வாரம் பெரம்பூர் மாமாவின் மகன் ஃபிராங்க்ஃபர்ட் வருகிறான். பருப்புப்பொடி, மோர்மிளகாய், உன் பழைய சிவப்பு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புகிறேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு, நான் விழித்துத்தான் இருப்பேன். அம்மா எடுத்தால் காசியைப் பற்றிப் பேச்சை எடுக்காதே. கடிகாரத்தைப் பற்றிப் பேசு, அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

அப்பா

பி.கு.: படம் எடுத்தது உண்மையிலேயே நீதான் என்றால், செல்ஃபிக்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால், இதில் பாதியைக் கிழித்துப் போட்டுவிடு. பாஸ்போர்ட் விஷயம் மட்டும் ஞாபகத்தில் வை.