தேங்காய் எண்ணெய் பதிலில் விட்டுப்போன ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் தங்கள் மருத்துவப் பக்கத்தில், மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கும் ஒரு வாசகி, வறட்சியால் தாம்பத்தியமே வலியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருந்தது. பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் ஆணுறை பயன்படுத்துகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

தேனி மாவட்டம் கூடலூரில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் விடிகாலையில் எங்கள் தெருவில் ஆள் ஏற்றும். கடையில் நிற்பது பெண் என்பதால், தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பக்கத்தில் ஆள் நகர்ந்ததும், "அக்கா, இன்னொரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவருடைய கணவர் லாரி டிரைவர். கோட்டயம், கொச்சி என்று வாரக்கணக்கில் வெளியே இருப்பவர். அவர் மேல் நம்பிக்கை போனதால் உறை இல்லாமல் சேர்வதில்லை என்று இந்த அம்மா உறுதியாக இருந்தார். (அந்த உறுதிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது பெண்களுக்குத் தெரியும்.) வறட்சிக்கு எண்ணெய் தடவியிருக்கிறார். உறை கிழிந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "மட்டமான சரக்கைக் குடுத்துட்டீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

சரக்கில் குறை இல்லை. ஆணுறை ரப்பர் பாலில் செய்வது. எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துபோகும். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், மினரல் ஆயில் பட்ட ஒரே நிமிடத்தில் உறையின் வலு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருந்தது. பேபி ஆயில், வாசலின், நல்லெண்ணெய், மலையாளத்துக்காரர்கள் வெளிச்செண்ணெய் என்று கேட்டு வாங்கும் தேங்காய் எண்ணெய் எதுவும் உறையோடு சேராது. கிழிந்தாலாவது தெரியும், கண்ணுக்குத் தெரியாத பொத்தல் விழுந்தால் எச்ஐவி, கிரந்தி, வெட்டை எது நுழைந்தாலும் தெரியாது.

சரி, ஒன்றுமே தடவாமல் இருக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. வறண்ட இடத்தில் உராய்ந்தாலும் உறை கிழியும். உள்தோலில் விழும் சின்னக் கீறல்கள் கிருமிக்கு வழிவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் அல்லது சிலிக்கான் ஜெல் ரப்பரைக் கெடுக்காது. ஆனால் அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் நீர் விடுகிறதே, அதுபோல கிளிசரின் அதிகம் சேர்ந்த ஜெல் உள்தோலின் ஈரத்தை இழுத்துவிடும். இதற்கு ஆஸ்மோலாலிட்டி என்று ஓர் அளவு உண்டு. அது 1200-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் சொன்னது. என் கடையில் இருக்கும் டியூபுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் அந்த எண் அச்சாகவில்லை.

நோனாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லி கலந்த ஜெல் வேண்டவே வேண்டாம். கிருமியைக் கொல்லும் என்று ஒரு காலத்தில் நம்பிய பொருள் அது. பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் நடத்தி 2000-இல் முடிவு சொன்ன ஆய்வில், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்ஐவி தொற்று கூடத்தான் செய்திருந்தது. ஆண்கள் சிலர் வந்து மரத்துப்போகும் ஜெல்லி கேட்பார்கள். வலியே தெரியாவிட்டால் கீறல் விழுந்தது மட்டும் எப்படித் தெரியும்?

என் கடையில் ஒரு டியூப் ஜெல் 200 ரூபாய்க்கு மேல். தோட்டக் கூலியில் அது பெரிய காசு. எண்ணெயோ அடுப்படியிலேயே இருக்கிறது. இலவசமாக நிரோத் உறை கொடுக்கும் இடங்களில் ஜெல்லையும் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. தாங்களும் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: உறை உபயோகித்தால் எண்ணெய் கூடாது. அவ்வளவுதான், ஒரே வரி.

உறை கிழிந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த அம்மா என்னிடம் வந்தது பத்து நாள் கழித்து. அரசு மருத்துவமனையில் எச்ஐவி சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினேன். உடனே ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது அடுத்த மாதம்தான்.

இப்படிக்கு,
பெண் மருந்தாளுநர் ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.